இடித்தவரும் ஓடியவரும்

நாளிதழ்களில் நாள் தவறாமல் இடம்பெறும் தொடர்களுள் ஒன்று, "அடையாளம் தெரியாத வாகனம் மோதி" என்பது. நான்கு வரிச் செய்தி. மோதுண்டவரின் வயது இருக்கும், ஊர் இருக்கும், உடல் எந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். மோதியவரைப் பற்றி இந்த ஒரு தொடர் மட்டுமே. மொழிப்பாடம் கற்பித்த பழக்கத்தால் நாம் இத்தொடரின்மீது சற்றே நின்றுவிடுவதுண்டு. அடையாளம் இல்லாத வாகனம் என ஒன்று உலகில் இல்லை. அதற்குப் பதிவெண் உண்டு, உரிமையாளர் உண்டு, காப்பீட்டுப் பத்திரம் உண்டு. அன்றிரவு அதை ஓட்டி வந்த கைகள் உண்டு. மறுநாட் காலையில் அதன் முன்புறத்தைக் கழுவிய வாளித் தண்ணீரும் உண்டு. தெரியாதது நமக்குத்தான், அவருக்குத் தெரியும். அன்றியும், வாகனம் மோதிற்று என்று எழுதுகிறோமேயன்றி ஒருவர் மோதினார் என்று எழுதுவதில்லை. எழுவாயின் இடத்தில் இரும்பை அமர்த்திவிட்டு மனிதர் மெல்ல இறங்கிப் போய்விடுகிறார்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் இந்தியா முழுவதும் 67,387 நிகழ்ந்தன என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. சுருக்கமாகச் சொன்னால், நாளொன்றுக்கு நூற்றெண்பதுக்கும் மேல். இவ்வளவு பேரும் பிறவியிலேயே கொடியவர்களா? அல்லர் என்றே நாம் நம்புகிறோம். பிறகு ஏன் ஓடினார்கள்? ஓடியது ஒரு கணத்துப் பதற்றமா, தேர்ந்தெடுத்த செயலா? அவர்களைப் பொறுப்பேற்கச் செய்வது என்றால் என்ன? தண்டிப்பது மட்டும்தானா? இவ்வினாக்களை நம் இல்லத்தார் அனைவரும் சிந்திக்க வேண்டிய காலம் இது. ஏனெனில், நம் வீடுகளில் இன்று வாகனம் இல்லாத வீடு அரிது. திருவண்ணாமலை, விழுப்புரம், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் மாட்டு வண்டியும் மிதிவண்டியும் கண்டு வளர்ந்த நம் தலைமுறைக்கும், பதினெட்டு நிரம்பும் முன்பே வண்டிச் சாவிக்குக் கை நீட்டும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைதான் இருக்கிறது.

நாம் வாழும் சேக்காடு, ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே, சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியது. சி.டி.எச். சாலை என்றால் அம்பத்தூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். பகலெல்லாம் பேருந்தும் ஆட்டோவும் நெருக்கியடிக்கும் இச்சாலை, நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை வேறொரு சாலையாக மாறிவிடுகிறது. மணல் லாரிகளும் சரக்கு வேன்களும் தண்ணீர் லாரிகளும் தடையின்றிப் பறக்கின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி அருகே வந்து சேர்ந்த பின் இவ்வேகம் இன்னும் மிகுந்துள்ளது. அந்நேரத்தில்தான் பால் எடுக்கச் செல்வோரும், முதல் ரயிலைப் பிடிக்க இந்துக் கல்லூரி நிலையத்திற்கு நடப்போரும், சாலை துப்புரவு செய்வோரும் வெளியே வருகின்றனர். வேகம் மிகுந்தோரும் வலிமை குறைந்தோரும் ஒரே நேரத்தில் ஒரே சாலைக்கு வருவது இந்நகரின் அமைப்பிலேயே உள்ள பிழை.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் உண்டு. அவரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியலில் ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிற்று. கூடை ஒருபுறம், அவர் ஒருபுறம். தொடை எலும்பு முறிந்தது. பார்த்தவர் தேநீர்க் கடைக்காரர் ஒருவரே. அவர் கண்டதும் பின்புறச் சிவப்பு விளக்கு மட்டும். மகள் காதில் இருந்ததும் போயிற்று. ஆறு மாதத்து வருவாயும் போயிற்று. இப்போதும் கீரை கொண்டுவருகிறார். கூடை முன்னிலும் சிறியது. "மோதினானே, அதுகூடப் பரவாயில்லம்மா, இருட்டுல தெரியாம மோதிட்டான். வண்டியக் கொஞ்சம் மெதுவாக்குனான். நான் கையத் தூக்குனேன். பாத்துட்டுத்தான் போனான்" என்று அவர் ஒருமுறை சொன்னார். பாத்துட்டுத்தான் போனான் என்ற அச்சொற்களில் அறநூலார் பல ஏடுகளில் விரித்துரைக்கும் வேறுபாடு அடங்கிக் கிடக்கிறது என்றே எண்ணுகிறோம்.

அஃதாவது, இடித்ததும் ஓடியதும் இரண்டு செயல்கள். நாம் பேச்சில் இவற்றை ஒன்றாக்கிவிடுகிறோம். சட்டமும் நெடுங்காலம் ஏறத்தாழ ஒன்றாகவே வைத்திருந்தது. நம் ஆகம நோக்கில் முதற்செயலின் பெயர் பிரமாதம். இன்று பேச்சுவழக்கில் பிரமாதம் என்றால் மிக நன்று என்று பொருள் கொள்கிறோம். கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம். சொல்லுக்கு நேர்ந்த விபத்து இது! ஆகமத்தில் அச்சொல்லுக்குச் சோர்வு, மறதி, விழிப்பின்மை என்று பொருள். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது உயிர் போயிற்றா என்பதோடு நிற்பதில்லை. அது விழிப்பின்மையால் நேர்ந்ததா என்றும் கேட்கிறது. விழிப்போடு நடந்தும் தவிர்க்கவியலாமல் நேர்ந்த இழப்பு வேறு. விழிப்பின்றி நடந்ததால் நேர்ந்தது வேறு. இதனாலேயே துறவியர்க்கு நடைக்கென்றே தனியாக ஈர்யா ஸமிதி வகுக்கப்பட்டது: முன்னே நான்கு முழத் தரையை நோக்கி அடியெடுத்து வைத்தல். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் வழியில் கரையோரத்து நண்டும் நத்தையும் காலடியில் பட்டுவிடுமே என்று அஞ்சி எச்சரிக்கிறார். மூவர் நடந்து செல்லும் வழிக்கே அத்தனை கவனம்.

மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய பதினேழு மீட்டர் கடந்துவிடும். கைப்பேசியை எடுத்துப் பார்க்க இரண்டு நொடி ஆகுமெனக் கொண்டால், முப்பத்து மூன்று மீட்டர் தொலைவு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒப்பாகும். நான்கு முழம் எங்கே, முப்பத்து மூன்று மீட்டர் எங்கே! ஆகவே, "வேண்டுமென்றா செய்தேன்?" என்னும் கேள்வி முதற்செயலிலேயே முழு விடுதலை தருவதில்லை. எனினும் அதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. சோர்வு மனித இயல்பு. நற்குணத்தாரும் ஒருநாள் சோர்வர்.

இரண்டாம் செயலுக்கு அந்த மதிப்புக்கூட இல்லை. ஓடுவதில் முதற்கணம் அச்சம் என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் அச்சத்தின் ஆயுள் சிறிது. வண்டி அடுத்த சந்திப்பைத் தாண்டும்போது ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. வீட்டுக்கு வந்து வாயிற்கதவைச் சாத்தும்போது இன்னொன்று. விடிந்தபின் நாளிதழைப் பிரிக்கும்போது மூன்றாவது. முகப்பு விளக்கை மாற்றப் பட்டறைக்குப் போகும்போது நான்காவது. இடித்தது ஒரு நொடியென்றால், ஓடுவது ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படும் வினை.

1999 ஜனவரி 10ஆம் நாள் விடியற்காலையில் தில்லி லோதி காலனியில் நடந்ததை நம்முள் பலர் அறிவர். விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று சாலைக் காவற்சோதனை இடத்தில் நின்றவர்கள்மீது மோத, காவலர் மூவர் உள்பட அறுவர் இறந்தனர். கார் நிற்கவில்லை. அதிலிருந்து ஒழுகிய எண்ணெய்த் தடத்தைப் பின்பற்றிச் சென்றே காவலர் ஒரு மாளிகையின் வாயிலை அடைந்தனர். பத்தாண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடந்தது, சாட்சிகள் மாறினர். கடைசியில் 2012 ஆகஸ்டு 3 அன்று உச்ச நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே என்று நிலைநாட்டியது. தண்டனையை அவர் ஏற்கெனவே கழித்த ஈராண்டோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் சமூகத்தொண்டு ஆற்ற வேண்டும் என்றது. மேலும் ஐம்பது லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அத்தொகை எவர் இடித்தார் என்றே தெரியாமற்போனவர்களின் குடும்பங்களுக்குப் பயன்பட வேண்டும் என்றும் பணித்தது. அறுவர் உயிருக்கு இத்தண்டனை போதுமா என்று பலர் கேட்டனர், அக்கேள்வி நியாயமானது. ஆயினும் பிடிபட்டவர் ஒருவர், பிடிபடாதவர்களின் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்க வேண்டும் என்ற அந்தக் கருத்து நம் நெஞ்சைத் தொட்டது.

இனிச் சட்டத்தின் நிலையைச் சிறிது காண்போம். பழைய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு, கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்தவர்க்கு அதிக அளவாக இரண்டாண்டுச் சிறை என்றது. நின்றவர்க்கும் ஓடியவர்க்கும் அதே இரண்டாண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவில், ஓட்டுநர் காயமுற்றவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று கடமை விதித்தது. அதை மீறினால் கிடைக்கும் தண்டனை சில மாதங்களே. 2023 டிசம்பரில் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவுதான் முதன்முறையாக இரண்டு செயல்களையும் பிரித்தது. கவனக்குறைவால் இறப்பு என்றால் ஐந்தாண்டு வரை. காவலரிடமோ நடுவரிடமோ தெரிவிக்காமல் தப்பியோடினால் பத்தாண்டு வரை. கேட்டவுடன் வடமாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரி முதல் நாளிலேயே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. கலந்தாலோசித்த பின்னரே நடைமுறைப்படுத்துவோம் என்று உள்துறை வாக்களித்தது. 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஓட்டுநர்களை நாம் எளிதில் பழித்துவிடக் கூடாது. அவர்கள் சொன்ன காரணம், நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது. இது பொய்யன்று. அடிபட்டவரைத் தூக்க நான்கு கைகள் வருமுன் அடிப்பதற்கு நாற்பது கைகள் எழும் காட்சியை நம் சாலைகளில் கண்டவர்கள் நாம். அஹிம்சை பேசும் நாம், அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளையும் ஒருவனாய் நின்றால் அவனை என்ன கேட்போம்? மேலும், மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. இரவெல்லாம் ஓட்டி விடியலில் கண் செருகும் லாரி ஓட்டுநர் அச்சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பது ஐயமே. அவரைத் தூங்கவிடாத முதலாளிக்கும், விடியுமுன் சரக்கு வந்து சேர வேண்டும் என்று தொலைபேசியில் கடிந்துகொள்ளும் வணிகருக்கும் அந்தப் பிரமாதத்தில் பங்கு உண்டு. நம்மவருள் வணிகர் பலர். இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஆனால் கூட்டத்துக்கு அஞ்சுவோர்க்கு 134ஆம் பிரிவு முன்பே வழி விட்டிருக்கிறது. கூட்டத்தின் சினத்தாலோ தம் கட்டுக்கு மீறிய வேறு காரணத்தாலோ உதவி செய்ய இயலாதபோது அக்கடமையிலிருந்து விலக்கு உண்டு. காவல் நிலையத்துக்குத் தெரிவித்தாற் போதும். ஆதலின், இடத்தை விட்டு அகலுதல் வேறு, ஒளிந்துகொள்ளுதல் வேறு. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு வண்டியைத் திருப்பியவர் அகன்றவர். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியவர் ஒளிந்தவர். இந்த வேறுபாடு ஓட்டுநர் உரிமம் பெறும் ஒவ்வொருவருக்கும் கற்பிக்கப்பட வேண்டும். எட்டுப் போட்டுக் காட்டினாற் போதும் என்றிருக்கும் தேர்வில் இதற்கு ஏது இடம்!

தண்டனை கடுமையானால் பொறுப்பு வளருமா என்பது ஆசிரியர்களுக்குப் பழகிய வினா. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எமக்குப் பாடம் சொன்ன அம்மையார் ஒருவர், பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு "யார் உடைத்தது?" என்று கேட்காதீர்கள் என்பார். பிற்காலத்தில் எம் வகுப்பறையில் பூகோள உருண்டை ஒன்று தண்டிலிருந்து கழன்று உருண்டு பிளந்து கிடந்தது. பிரம்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டோம். சிறிது நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. அவனை அடிக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. ஒரு வாரம் மதிய இடைவேளையில் பசை தடவி, காகிதம் ஒட்டி, நாடுகளின் எல்லையை வண்ணம் தீட்டி அவனே அதைச் செப்பனிட்டான். ஆப்பிரிக்கா சற்றுப் பருத்துப் போயிற்று என்பது உண்மை. ஒப்புக்கொள்பவனுக்கும் மறைப்பவனுக்கும் ஒரே அடி என்றால் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். நின்று உதவியவர்க்குத் தண்டனை கணிசமாகக் குறையும் என்ற உறுதியும், ஓடினால் மிகும் என்ற உறுதியும் ஒருங்கே வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவர்க்கு இன்றுள்ள கணக்கு நேர்மாறானது. நின்றால் மூச்சுச் சோதனை. ஓடி ஒளிந்து மறுநாள் வந்தால் போதையும் தெளிந்திருக்கும், சான்றும் தெளிந்திருக்கும். இந்தக் கணக்கை மாற்றாமல் பத்தாண்டு என்று எழுதி வைப்பது பிரம்பை நீட்டிப் பிடிப்பதே.

நம் பழங்கதைகளுள் சாலை விபத்து வழக்கு ஒன்று உண்டு. மனுநீதிச் சோழனின் மைந்தன் தேரூர்ந்து வரும்போது கன்று ஒன்று சக்கரத்தில் விழுந்து இறந்தது. சிலப்பதிகாரத்திலேயே கண்ணகி பாண்டியன் முன் இச்செய்தியைக் குறிப்பிடுகிறாள். நம் மேற்குப் புறநகராகிய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரித்தார். மகனைத் தேர்க்காலில் இட்டான் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் அம்மன்னனுக்குச் சிலை உண்டு. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட நமக்குக் கன்றுக்கு ஈடாகக் காளை ஒருவன் உயிர் என்னும் தீர்ப்பு உடன்பாடன்று. ஆயினும் அக்கதையில் நாம் கவனியாது விடுகின்ற இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, இளவரசன் ஓடவில்லை. செய்வதறியாது வருந்தி, இதற்குக் கழுவாய் யாது என்று கேட்டறியப் பெரியோரை நாடிச் சென்றான். மற்றொன்று, அரண்மனை வாயிலில் மணி ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதைப் பசுவும் இழுக்க முடிந்தது. எழுத்தறியாத, வாயில்லாத, வழக்கறிஞர் இல்லாத ஓர் உயிருக்கு எட்டும் உயரத்தில் அந்த மணி தொங்கியது.

இன்று அந்த மணி எங்கே தொங்குகிறது? இருக்கிறது, ஆனால் எட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, இடித்த வாகனம் எதுவென்று தெரியாதபோதும் பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு உண்டு. முன்னர் இறப்புக்கு 25,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 12,500 ரூபாய் என்றிருந்தது. 2022 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய திட்டப்படி இறப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். வருவாய்க் கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ விசாரிப்பார். மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் அளிப்பார். பொதுக் காப்பீட்டு மன்றம் வங்கிக் கணக்கில் செலுத்தும். வழக்கு மன்றம் ஏற வேண்டியதில்லை. இவ்வளவு எளிய வழி இருந்தும், அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்த அதே காலத்தில், 2022–23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205 மட்டுமே. இந்த எண்ணை உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரித் தீர்ப்பில் எடுத்துக் காட்டி வருந்தியது. வழக்குத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் அவர் தொடுத்த பொதுநல வழக்கில் பத்தாண்டுக்கும் மேலாக அடுத்தடுத்து ஆணைகள் பிறந்து வருகின்றன. முறிந்த எலும்பை ஒட்டுவதோடு தம் கடமை முடிந்ததென்று இராமல், அது முறிகின்ற இடத்துக்கே சென்ற மருத்துவர் அவர். வாகனம் ஒரு மாதத்துக்குள் கண்டறியப்படாவிட்டால், இவ்வாறு இழப்பீடு கோரலாம் என்று காவல் நிலையப் பொறுப்பாளரே பாதிக்கப்பட்டவர்க்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அத்தீர்ப்புக் கட்டளையிட்டது.

கீரைக்கார மூதாட்டிக்கு எவரும் தெரிவிக்கவில்லை. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாம் திரட்டி மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். நம் சங்கங்களில் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். நோட்டுப் புத்தகம் வழங்குகிறோம். அவற்றோடு, இத்தகைய மனு எழுதித்தர ஒருவர் திங்களுக்கு ஒருமுறை கோயில் மண்டபத்தில் அமர்ந்தால் மணியின் கயிறு ஒரு முழம் கீழே இறங்கும்.

இதில் வேறொரு கணக்கும் உண்டு. ஓடியவர்கள் அறியாத கணக்கு. வாகனம் இன்னது என்று தெரிந்தால், இறந்தவரின் வயது, வருவாய், அவரை நம்பியிருந்தோர் இவற்றைக் கருதி விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கும். அது இரண்டு லட்சத்தினும் பன்மடங்கு மிகுதியாக இருப்பது வழக்கம். பெரும்பாலும் அதைச் செலுத்துவது ஓட்டியவர் அல்லர், காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் வாகனம் ஓட்டக் கூடாது என்று சட்டம் விதித்ததே இதற்காக. ஆக, தம் பணம் ஒரு காசும் செலவாகாத இடத்தில்கூட, ஓடியவர் அந்தக் குடும்பத்தின் பல லட்ச ரூபாயைத் தம்மோடு கொண்டுபோய்விடுகிறார். அவர் அதைச் செலவிடவும் முடியாது. நம் அணுவிரதங்களுள் கொல்லாமைக்கு அடுத்தடுத்து நிற்பவை பொய்யாமையும் கள்ளாமையும். ஓடுகின்றவர் ஒரே இரவில் மூன்றையும் முறிக்கிறார்.

பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஓடவே வேண்டும் என்பதும் இல்லை. 2024 மே 19 அன்று புனே கல்யாணி நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இளம் பொறியாளர் இருவர் இறந்தனர். அவனைக் கூட்டம் பிடித்துவிட்டது. சில மணி நேரத்தில் சிறார் நீதி வாரியம் பிணை வழங்கி, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுமாறு பணித்தது. நாடே கொதித்தது, பிணை பின்னர் நீக்கப்பட்டது. கட்டுரைப் பாடம் முப்பதாண்டுக்கு மேல் திருத்திய நமக்கு அக்கட்டளை ஒருவகையில் வேடிக்கையாகவும் இருந்தது. முந்நூறு சொல்லில் எவனும் முன்னுரையைத் தாண்ட மாட்டான்! ஆனால் கட்டுரையைவிட நம்மை உலுக்கியது, பின்னர் காவல்துறை சாட்டிய குற்றம்: வீட்டின் சம்பள ஓட்டுநரைப் பழியேற்கச் சொல்லி வற்புறுத்தினர் என்பதும், சிறுவனின் குருதி மாதிரி வேறொருவருடையதாக மாற்றப்பட்டது என்பதும். இவற்றின் உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யும். பொதுவாக நோக்கின், பணமுள்ள வீட்டின் பிழைக்குப் பணமில்லாத ஒருவர் காவல் நிலையம் ஏறுவது நம் நாட்டில் புதுமையன்று. பிள்ளையைக் காப்பதாக எண்ணிப் பெற்றோர் செய்யும் இச்செயல், பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறது? வினைப்பயனை வேறொருவர் நுகர முடியும் என்று கற்பிக்கிறது. நம் நெறியின் அடித்தளத்தையே பெயர்க்கும் பாடம் அன்றோ இது! செய்தவனே நுகர்வான், தந்தையும் தாயும் கூட அதில் பங்கு கொள்ளவியலாது என்று நாம் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான் என்று, உரிமம் பெறும் வயது வருமுன் சாவியைக் கையில் கொடுக்கிறோம்.

2019இல் திருத்தப்பட்ட சட்டத்தில் 199-அ பிரிவு இதற்கெனவே சேர்க்கப்பட்டது. வயது வராதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் பெறலாம். வண்டியின் பதிவு ஓராண்டு நீக்கப்படும். அச்சிறுவர்க்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. சட்டத்துக்கு அஞ்சியேனும் நம் இல்லங்களில் இது பேசப்பட வேண்டும். அதைவிட, "இடித்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று பிள்ளையை ஒருநாள் உணவுக்கு முன் அமரவைத்துக் கேட்டுவிடுவது நல்லது. பலரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அமங்கலம் என்று விட்டுவிடுகிறார்கள். நிறுத்து, இறங்கு, 108ஐ அழை, எங்களுக்குச் சொல், காவல் நிலையத்துக்கு நாங்களும் உடன் வருகிறோம் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், அந்த நொடியில் பிள்ளைக்குச் சிந்திக்க வேண்டிய தேவை இராது. வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்ற அச்சமே இளைஞரைப் பெரும்பாலும் ஓடச் செய்கிறது.

வழிப்போக்கர் கடமையைப் பற்றியும் ஒரு சொல். 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிபட்டவர்க்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை பிறகு என்று எல்லா மருத்துவர்க்கும் ஆணையிட்டது. கார் மோதிய ஒருவரை வழிப்போக்கர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, அவர்கள் இருபது கிலோமீட்டர் அப்பாலுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார் என்ற செய்தியே அவ்வழக்குக்கு அடிப்படை. இன்று உதவியவரைத் தம் பெயரைச் சொல்லுமாறு கூட வற்புறுத்தக் கூடாது என்று 134-அ பிரிவு காக்கிறது. தமிழகத்தில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கிறது. எந்த மாநிலத்தவர் என்ற வேறுபாடில்லை. ஆகவே, காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும், செலவு நம் தலையில் விழும் என்று ஒதுங்குவோர்க்கு இன்று காரணம் மிஞ்சவில்லை. அடிபட்டவரைக் கண்டும் காணாது கடந்து செல்லும் நூறு வண்டிகளும் ஓரளவு ஓடிய வண்டிகளே.

நம் முனிவர்களும் ஆர்யிகை மாதாஜிகளும் விஹாரம் செய்வது இதே நெடுஞ்சாலைகளில்தான். வாகனம் ஏறாத அவர்கள் வாகனத்தால் மாள்வதை நம் சமூகம் பலமுறை கண்டு கண்ணீர் வடித்துள்ளது. அந்நாளில் திரண்டு நின்று நீதி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் அதே சாலையில் மாண்ட கூலித் தொழிலாளியின் வழக்கு எந்நிலையில் உள்ளது என்று கேட்டவர் எத்தனை பேர்? கேமராக்கள் இன்று ஏராளம். சென்னைக் காவல்துறை மூன்றாவது கண் என்று பெயரிட்டுத் தெருத்தோறும் அவற்றைப் பெருக்கியது. பார்க்கின்ற கண் இருந்தும், யாருக்காகப் பார்ப்பது என்ற கேள்வி இருக்கிறது.

இது பற்றி நாம் சில இடங்களில் உரையாற்றியதுண்டு. ஒரு கூட்டத்தின் முடிவில் நடுவயதினர் ஒருவர் எழுந்து, பல ஆண்டுகளுக்கு முன் இடித்துவிட்டு ஓடிய ஒருவர் இன்று மனம் வருந்தினால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டார். பழைய சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களை மூன்றாண்டு கடந்தபின் நீதிமன்றம் பொதுவாக விசாரணைக்கு எடுப்பதில்லை. எனவே பலருக்குச் சட்டத்தின் கதவு மூடியிருக்கும். பிரதிக்கிரமணம் செய்தாற் போதுமா, தானம் செய்தாற் போதுமா என்றும் அவர் கேட்டார். நம் மரபில் ஆலோசனை என்பது குருவின் முன் குற்றத்தை மறையாது சொல்லுதல். அதுவே பிராயச்சித்தத்தின் முதற்படி. ஆனால் குரு கேட்கக்கூடிய முதல் வினா, யாருக்குத் தீங்கு செய்தாய் என்பதாகவே இருக்கும். அதற்கு விடை தெரியாமல் எந்த உண்டியலில் போடும் பணமும் யாருக்குக் கொடுத்ததாகும்? அந்தக் குடும்பம் எங்கோ இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் படித்தார்களா, படிப்பை நிறுத்தினார்களா என்பது தெரிந்துகொள்ளக் கூடியதே. மிச்சமுள்ள சட்டப் பொறுப்பு எதுவென்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, அவர் துணையோடே அங்குச் செல்லலாம். அவருக்கு இவ்வளவே சொன்னோம். இறந்தவரின் பெயர் தெரியாதே என்றார். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருக்கும். 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதிலிருந்து அவ்வறிக்கைகள் காவல்துறையின் இணையதளத்திலேயே வெளியிடப்படுகின்றன. அதற்கு முற்பட்டதாயின், நாளும் இடமும் குறித்துக் காவல் நிலையத்தில் கேட்க வேண்டும்.